எண்பதாம் அகவையிற் கொழும்பு

நம்மவர் வாழ்விற் பிறந்தநாள்கள் எல்லாம் ஒரே மதிப்புடையன அல்ல. பிள்ளைக்கு ஓராண்டு நிறையும்போது உற்றார் கூடுவர். அதன் பின்பு ஆண்டுதோறும் பிறந்த நட்சத்திரம் வரும். கோயிலில் ஓர் அருச்சனை, வீட்டிலே பாயசம், பெரியோர் காலில் விழுந்து பெறும் திருநீறு என்ற அளவில் அந்நாள் கழியும். அறுபது நிறையும்போது மாத்திரம் அது விழாவாகின்றது. பிரபவ முதல் அட்சய ஈறாகவுள்ள 60 ஆண்டுகளும் ஒரு முறை சுற்றி வந்து, ஒருவர் பிறந்த ஆண்டே அதே பெயருடன் மீண்டும் தோன்றுவதால், அதனை மறுபிறப்பாகக் கொண்டு மணிவிழா எடுப்பர். எண்பதைக் கடந்தவரை ஆயிரம் பிறை கண்டவர் என்பர். பிறைக்குப் பிறை இருபத்தொன்பதரை நாள் எனக் கணக்கிட்டால், ஆயிரம் பிறைக்கு 80 ஆண்டும் சில மாதங்களும் ஆகும். சதாபிஷேகம் அப்பொழுதே நடைபெறும்.

இவற்றுள் எதிலும் பட்டணப் பயணம் ஒரு சடங்காகச் சொல்லப்படவில்லை. எனினும், எங்கள் குடும்பத்தில் இரண்டு பிறந்தநாள்கள் கொழும்புப் பயணங்களாகவே அமைந்தன. ஒன்று, 1972 இல் எனக்குப் பத்து வயது நிறைந்தபோது தந்தையார் என்னை அழைத்துச் சென்றது. மற்றையது, 2015 இல் அவருக்கு எண்பது நிறைந்தபோது நான் அவரை அழைத்துச் சென்றது. விழா மலருக்கு ஏதேனும் எழுதுக என மலர்க்குழுவினர் பணித்தபோது, ஆசிரியப் பெருமக்களைப் பற்றியும் விளையாட்டு வெற்றிகளைப் பற்றியும் எழுத என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர் என்பதால், இப்பயணங்களைப் பற்றி எழுதத் துணிந்தேன். தந்தையாரும் இக்கல்லூரியின் பழைய மாணவர். அவர் காலத்திற் கற்று வெளியேறிய எத்தனையோ பேருடைய வாழ்க்கை அவருடையதைப் போன்றதே. ஆகையால், இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று.

தந்தையார் யுவ வருடம் ஐப்பசித் திங்களில், அஃதாவது 1935 இன் இறுதியிற் பிறந்தவர். நம் கல்லூரியிற் கற்று எஸ். எஸ். ஸி. தேறி, எழுதுவினைஞர் தேர்வு எழுதி, 1955 ஆம் ஆண்டு தமது இருபதாவது வயதிற் கொழும்புக் கோட்டையிலுள்ள ஒரு திணைக்களத்தில் வேலைக்கு அமர்ந்தார். அக்காலத்தில் எங்கள் ஊரிற் பாதி ஆண்கள் கொழும்பிலிருந்தனர் என்று சொன்னால் அது பெரிதும் மிகையாகாது. மாதத் தொடக்கத்தில் தபாற்காரர் கொண்டுவரும் காசுக்கட்டளை, பள்ளி விடுமுறையில் வரும் பிஸ்கற்றுத் தகரம், நீண்ட விடுமுறைக்கு முந்திய இரவில் தபால் வண்டியில் வந்திறங்கும் தந்தை — இவைதாம் எங்களுக்குக் கொழும்பு. மீளும்போது அவர் பெட்டியில் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் பனாட்டும் ஏறும். ஒரு கட்டு முருங்கைக்காய் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டிக்குள் நுழையும் வேளையில் வாசலில் நிற்பவர்கள் மேல் அக்கட்டு இடிபடுவதும், ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்கப்படுவதும் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் அன்றாடக் காட்சிகள்.

முதலில் அவர் வெள்ளவத்தையில் ஒரு சமறியில் இருந்தார். ஊரவர் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டு வாழும் ஏற்பாட்டுக்கு அப்பெயர். பின்பு 1961 அளவில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், சிங்கள அம்மையார் ஒருவருடைய வீட்டின் பின்னறைக்கு மாறினார். அம்மையார் கணவரை இழந்தவர். ஒரே மகளுடன் வாழ்ந்தவர். தந்தையார் அவரை 'நோனா' என்று மரியாதையாக அழைப்பார். அப்பின்னறையிலே தந்தையார் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ஊரிலே தாம் கட்டிய வீட்டில் அதுவரை அவர் தங்கிய நாள்களைக் கூட்டிப் பார்த்தால், நாலாண்டும் தேறாது.

1972 ஆவணியில் என்னை முதன்முறையாக அழைத்துச் சென்றபோது நான் நம் கல்லூரியிற் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இரவுத் தபால் வண்டியில் யன்னலோரம் இடம் பிடித்துத் தந்து, "நித்திரை கொள்ளாதே தம்பி, அநுராதபுரத்திலே தேத்தண்ணி வாங்கித் தருவன்" என்றார். அநுராதபுரம் வருமுன்பே நான் உறங்கிவிட்டேன். விடியலிற் கோட்டை நிலையத்தில் இறங்கியபோது, திருவிழா ஒன்றுமில்லாமலே அத்தனை சனம் ஓரிடத்தில் இருக்கக்கூடும் என்பதை முதன்முதலாக அறிந்தேன்.

தெகிவளை மிருகக்காட்சிச்சாலையில் யானைகளின் விளையாட்டைப் பார்த்தோம். காலிமுகத் திடலிற் கச்சான் தின்றோம். ஆவணி மாதமாதலின் தென்மேற்குக் காற்றிற் கடல் சீறிக்கொண்டிருந்தது. அத்திடலில் ஒரு நினைவுக் கல் உண்டு. தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் நிறைவேற்றிய நடைபாதையைக் கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் நன்மைக்காகப் பேணி வருமாறு பின்வரும் தேசாதிபதிகளுக்கு விட்ட வேண்டுகோள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளது. தந்தையார் அதனை வாசித்துப் பொருள் சொல்லிவிட்டு, "இந்தத் திடல் உனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள்" என்றார். நான் அதை முழுமையாக நம்பினேன்.

நூதனசாலையில் அவர் என்னை ஒரு கல்லின் முன் நெடுநேரம் நிறுத்தினார். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ காலியில் நாட்டுவித்த மும்மொழிக் கல்வெட்டு அது. 1409 ஆம் ஆண்டு நாளிட்டது. 1911 இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியிற் புத்தபிரானுக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும், தமிழிலே தெற்கு முனையிற் கோயில் கொண்ட தேனாவரை நாயனாருக்கும் அளித்த காணிக்கைகளை அது கூறுகின்றது. தமிழ்ப் பகுதியிலுள்ள எழுத்துகளுள் எனக்குத் தெரிந்தவற்றைத் தேடச் சொன்னார். ஐந்தாறு எழுத்துக் கண்டுபிடித்தேன். "ஒரு கல்லிலே மூன்று பாசைக்கும் இடம் இருந்திருக்குது பார்" என்று மட்டும் சொன்னார். அதிற் பொதிந்திருந்த பொருளை அறியும் வயது எனக்கு அப்போது இல்லை.

பிறந்தநாளன்று காலை நோனா பாற்சோறு சமைத்து, வாழையிலையில் வட்டமாகப் பரப்பி, சாய்சதுரத் துண்டுகளாக வெட்டிவைத்து, விளக்கேற்றி என்னை முதற் துண்டை எடுக்கச் சொன்னார். நன்னாள்களிற் சிங்கள மக்கள் வீட்டில் முதலில் உண்ணப்படுவது அதுவே. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவருடைய மகள் தந்தையாரை 'மாமா' என்று அழைத்தது மட்டும் விளங்கிற்று. அச்சொல் இரு மொழிக்கும் பொது.

அம்மகள் எங்கள் தந்தையாருக்கு ஆசிரியையும் ஆவார். 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. அவ்வாண்டு ஜூன் 5 ஆந் திகதி, அதனை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அறப்போர் செய்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் தாக்கப்பட்டனர். அன்று தந்தையார் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமும் ஆகவில்லை. பின்பு, சிங்களத் தேர்ச்சித் தேர்விலே தேறாத அரசாங்க ஊழியருக்குச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. நம் கல்லூரியில் அவர் கற்ற காலத்தில் ஆங்கிலமும் தமிழும் உண்டு, சிங்களம் இல்லை. ஆகவே முப்பதை நெருங்கும் வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தையான ஒருவர், மாலையில் வேலையால் வந்து, பதினொரு வயதுச் சிறுமியின் வாசிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அரிச்சுவடி படித்தார். சிறுமி உறுக்கித் திருத்துவாள். நோனா அடுக்களையிலிருந்து சிரிப்பார். இரண்டாம் முறை எழுதியபோது தேறினார். அச்சட்டத்தை அவர் ஒருநாளும் ஏற்றுக்கொண்டவரல்லர். ஆனால் அம்மொழியை வெறுத்தும் அவர் பேசியதில்லை. "சட்டம் போட்டவன் வேறு, எழுத்துச் சொல்லித் தந்தவள் வேறு" என்பார்.

1958 இற் கலவரம் வந்தபோது கப்பலில் ஊருக்கு வந்து, சில மாதத்தில் மீண்டு சென்றார். 1977 இலும் அவ்வாறே. 1983 இற் சென்றவர் மீளவில்லை.

அந்த ஜூலை 25 ஆந் திகதி திங்கட்கிழமை, கந்தோரிலிருந்து கடற்கரைத் தண்டவாள வழியே நடந்து வெள்ளவத்தை வந்து சேர்ந்தார். காலி வீதியிற் கடைகள் எரிந்துகொண்டிருந்தன. நோனா அவரைத் தம் வீட்டின் உள்ளறையில் வைத்துக் கதவைப் பூட்டி, முன் படலையிற் போய் நின்றார். கூட்டமாக வந்தவர்களை, இங்கே ஒருவரும் இல்லை என்று சொல்லி இரு தடவை திருப்பி அனுப்பினார். மறுநாள் விடியுமுன்பு அவருடைய உறவினர் ஒருவர் வான் கொண்டுவந்தார். நோனா முன்படலையிற் காவல் நிற்க, மகள் தந்தையாரைப் பின் ஒழுங்கையால் அழைத்துச் சென்று வானில் ஏற்றினாள். பம்பலப்பிட்டியில் அகதிகள் தங்கியிருந்த இந்துக் கல்லூரிக் கட்டடத்தில் அவர் இறக்கிவிடப்பட்டார். பின்பு 'லங்கா கல்யாணி' என்னும் கப்பலிற் காங்கேசன்துறை வந்து சேர்ந்தார். உடுத்த உடையையும் மூக்குக்கண்ணாடியையும் தவிர அவர் கையில் ஒன்றுமில்லை.

இருபத்திரண்டு ஆண்டுச் சேமிப்பும் பொருள்களும் போனதைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் பல முறை சொல்வார்: "மனுசிக்குச் சொல்லிக்கொள்ளாமல் வந்திட்டன்." நம்மவர் வழக்கில், ஒரு வீட்டைவிட்டுப் புறப்படுபவர் 'போறன்' என்று சொல்வதில்லை, 'போட்டு வாறன்' என்றே சொல்வர். மீண்டும் வருவேன் என்ற உறுதியும், வந்த வீட்டுக்குரிய மதிப்பும் அச்சொல்லில் உண்டு. தம் உயிரைக் காத்தவருக்கு அச்சொல்லைச் சொல்லாமற் பின்வழியாற் போனது அவரை வருத்திற்று. ஊர் வந்து இரண்டு கிழமைக்குள், தாம் தேர்வுக்காகக் கற்ற சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். மறுமொழி வரவில்லை. பின்பு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் பெற்றார். போர் வந்தது, 1990 இற் புகையிரதமும் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின.

அவருடைய அறுபதாண்டு நிறைவு 1995 ஐப்பசியில் வந்தது. யுவ வருடம் திரும்பியிருந்தது. அம்மா முன்கூட்டியே ஐயருடன் பேசி நாள் குறித்து வைத்திருந்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளை விட்டு, மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர் என்பதை இம்மலரை வாசிப்போருட் பலர் தம் கால்களால் அறிவர். மணிவிழா நாள் வந்தபோது நாங்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஐந்து குடும்பங்களுடன் இருந்தோம். அம்மா சிரட்டையொன்றில் எண்ணெய் விட்டுத் திரி ஏற்றினார். தந்தையார் அதனைக் கும்பிட்டு, "யுவ வருடம் இனி எனக்கில்லை, விடு" என்றார்.

ஆதலின், எண்பதை நல்லமுறையிற் கொண்டாட வேண்டும் என்று பிள்ளைகள் நாங்கள் முடிவு செய்திருந்தோம். சதாபிஷேகத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதற்கு முன்பு, பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, "கொழும்பை ஒருக்காப் பார்த்திட்டு வருவமோ தம்பி?" என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் அவ்வூரின் பெயரை எங்களிடம் விருப்பமாகச் சொன்னது அதுவே முதல் தடவை. முழங்கால் நோவால் அம்மா வர இயலவில்லை. "கூட்டிக்கொண்டு போ, அந்த மனுசியின் வீட்டைத் தேடத்தான் கேட்கிறார்" என்று என்னிடம் தனியே சொன்னார்.

1956 ஏப்ரல் 23 ஆந் திகதி தொடங்கிய யாழ்தேவி, இருபத்துநான்கு ஆண்டு இடைவெளியின் பின்னர் 2014 ஒக்டோபர் 13 ஆந் திகதி மீண்டும் யாழ்ப்பாணம் வந்திருந்தது. அவ்வண்டியிலேயே போகவேண்டும் என்றார். புதிதாகக் கட்டிய நிலையத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, பழையதை விட வெளிச்சம் கூட என்று தீர்ப்புச் சொன்னார். வண்டி நாவற்குழியைக் கடக்கையில் எழுந்து யன்னலருகே நின்று நீரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆனையிறவு வெளியிலே காற்று முகத்தில் அடித்தது. கிளிநொச்சி, மாங்குளம், ஓமந்தை என நிலையம் நிலையமாகப் பெயரை வாசித்துக்கொண்டு வந்தார். பாதைக்கு இருபுறமும் புதிய தகரக் கூரைகளும், அடியோடு முறிந்த பனைகளும் தெரிந்தன. வவுனியாவுக்கு அப்பால் ஒரு சிங்களக் குடும்பம் ஏறிற்று. அவர்களுடைய சிறுவனுக்கு யன்னலோர இடத்தைக் கொடுத்து, அவனுடன் பேசத் தொடங்கினார். சொற்கள் முதலிற் தடக்கின. அநுராதபுரம் வருவதற்குள் சரளமாயின. அங்கே தேநீர் வாங்கினார். நான் உறங்கவில்லை.

வெள்ளவத்தையில் என் தங்கை வீட்டில் தங்கினோம். பிறந்த நட்சத்திரத்தன்று காலை கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்திற்குச் சென்றோம். பொன்னம்பல முதலியார் தொடக்கிய அக்கோயிலை அவர் மைந்தர் பொன். இராமநாதன் கருங்கல்லாலே புதுப்பித்து, 1912 இற் குடமுழுக்குச் செய்வித்தார். வேலைக்குச் சேர்ந்த அன்றும், முதற் பிள்ளை பிறந்த செய்தி தந்தியில் வந்த அன்றும் அங்கே போனதாகத் தந்தையார் சொன்னார். கோட்டையிலே தாம் பணியாற்றிய கட்டடத்தை வீதியின் எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தார். உள்ளே கேட்டுப் பார்ப்போமா என்றேன். "என்னைத் தெரிந்த ஆள் அங்கே ஒருவரும் இருக்க மாட்டார், கதிரையும் மாறியிருக்கும்" என்று நடையைத் தொடர்ந்தார்.

நகரம் வளர்ந்திருந்தது. பேரை வாவிக் கரையிலே தாமரைக் கோபுரம் எழுந்துகொண்டிருந்தது; 350 மீற்றர் உயரமான அது 2022 செப்டெம்பரில் மக்களுக்குத் திறக்கப்பட்டது. காலிமுகத்துக்கு அருகே கடலை நிரப்பித் துறைமுக நகரம் அமைக்கும் வேலை அவ்வாண்டு இடைநிறுத்தப்பட்டுக் கிடந்தது. பின்பு தொடர்ந்து, 269 ஹெக்டயர் நிலமாயிற்று. இவற்றைக் கண்டு தந்தையார் வியக்கவுமில்லை, பழைய கொழும்பு போயிற்றே என்று புலம்பவுமில்லை. 1960 வரை ஓடிய திறாம் வண்டியைத் தாம் கண்டதையும், அது நின்றபோதும் நகரம் நிற்கவில்லை என்பதையும் நினைவூட்டினார். நூதனசாலையில் அந்தக் கல்லைத் தாமே தேடிக் கண்டு, என்னை முன்னே நிறுத்தினார். இம்முறை எத்தனை எழுத்துத் தெரிகிறது என்று கேட்டார். ஐம்பத்துமூன்று வயதிலும் எனக்கு ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. தமிழும் அரசகரும மொழியாகும் என 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் சொல்லிவிட்டது. "கல்லு 1409 இலேயே சொல்லிப்போட்டுது" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் மாலை அந்த ஒழுங்கைக்குப் போனோம். காலி வீதியிலிருந்து திரும்பும் இடத்தை அவருடைய கால்களே அறிந்திருந்தன. ஒழுங்கை இருந்தது, வீடு இல்லை. அவ்விடத்தில் எட்டு மாடித் தொடர்மாடி ஒன்று நின்றது. தந்தையார் அண்ணாந்து பார்த்தார். பின்னறை இருந்த இடத்தில் மோட்டார் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன. படலை நின்ற இடத்தைக் கைத்தடியாற் காட்டினார். அங்கே காவலாளியின் கூடு இருந்தது.

திரும்பிவிடுவோம் என்று நான் எண்ணியபோது, அவர் காவலாளியிடம் சிங்களத்திற் பேச்சுக் கொடுத்தார். முன்பு இவ்வளவு யாருக்குச் சொந்தமாயிருந்தது தெரியுமா என்று கேட்டார். வளவை விற்றவர்களுக்கு அதே கட்டடத்தில் ஒரு வீடு கொடுப்பது கொழும்பிற் பழகிப்போன ஏற்பாடு. "வளவுக்கார அம்மா இரண்டாம் மாடியில் இருக்கிறா" என்றான் காவலாளி. தந்தையாரின் கை என் தோளை இறுகப் பற்றிற்று.

கதவைத் திறந்தவர் நரைத்த தலையுடைய ஓர் அம்மையார். தந்தையார் தம் பெயரைச் சொல்ல வாயெடுக்குமுன், "மாமா" என்றார். அதற்குப் பிறகு சற்று நேரம் எவரும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே அழைத்து இருத்தி, தேநீரும் கதலி வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். சுவரிலே நோனாவின் படம் இருந்தது. அவர் 1991 இற் காலமானாராம். தந்தையார் எழுந்து படத்தின் முன் கைகூப்பி நின்றார்.

பின்பு மெதுவாக, தாம் அனுப்பிய கடிதத்தைப் பற்றிக் கேட்டார்.

"வந்தது மாமா. அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு. நான்தான் வாசித்துக் காட்டினேன். மூன்று முறை வாசிக்கச் சொன்னா. மறுமொழியும் போட்டோம், கிடைக்கவில்லையா?"

மறுமொழி எங்கோ வழியிற் தவறியிருக்கவேண்டும். தந்தையார் இல்லை என்று தலையசைத்தார். அம்மையார் சிரித்துக்கொண்டே, "இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது; பென்சிலாற் திருத்தி வைத்தேன்" என்றார். சிங்களத்திலும் ணகர நகர வேறுபாடு எழுத்தில் உண்டு, ஒலியில் இல்லை. அதனால் அம்மொழியிற் பிறந்தவர்களே அதிற் தடுமாறுவர். சிறுமியாயிருந்தபோதும் அதே இடத்திலேதான் தந்தையாரை உறுக்குவாராம். எண்பது வயது மாணவரும் அறுபத்தைந்து வயது ஆசிரியையும் அன்று சிரித்த சிரிப்பிலே எங்கள் வீட்டு முப்பத்திரண்டு ஆண்டுப் பாரம் இறங்கிற்று.

நோனா தம் கடைசிக் காலம் வரை, 'யாழ்ப்பாணத்து மாத்தயா' பிள்ளைகளோடு சுகமாக இருப்பார் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் சொல்லிக்கொள்ளாமற் போனதை ஒரு குறையாக அந்த வீட்டில் யாரும் நினைக்கவில்லை. நினைத்தவர் எங்கள் தந்தையார் ஒருவரே. இதை அம்மையார் சொன்னபோதும் அவர் அமைதியடைந்துவிடவில்லை. புறப்படும் வேளையில் வாசலில் நின்று, படத்தை நோக்கித் திரும்பி, "கிஹின் என்னம்" என்றார். 'போய் வருகிறேன்' என்பதற்குச் சிங்களம் அது. அங்கேயும் போகிறேன் என்று சொல்லிப் புறப்படும் வழக்கமில்லை. சென்று வருவேன் என்பதே சொல். இரண்டு இனத்தாரும் ஒரே விதமாக விடைபெறுகிறார்கள் என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

மறுநாள் ஊர் திரும்பினோம். வண்டியிலே தம் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, எழுதுவினைஞர் பழக்கம் மாறாமல், ரிக்கற் முதல் கச்சான் வரை ஒவ்வொரு செலவையும் பதிந்தார். வாழைப்பழம், தேநீர் என்று எழுதி, அவற்றுக்கு நேரே தொகைக்குரிய இடத்தை வெறுமையாக விட்டார். 2016 இல் அம்மாவுடன் அமர்ந்து சதாபிஷேகம் கண்டார். அம்மையார் அதற்கு வாழ்த்து அனுப்பினார். இம்முறை கடிதம் வந்து சேர்ந்தது. தந்தையார் 2019 இற் சிவபதமடைந்தார்.

இதனை வாசிக்கும் இளம் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பாட்டன்மாருட் பலர் தாம் பிறந்த ஊரிலும் கூடுதலான காலத்தைக் கொழும்பிலோ, கண்டியிலோ, தென்னிலங்கைப் புகையிரத நிலையம் ஒன்றிலோ கழித்தவர்கள். அங்கே அவர்களுக்கு அடி விழுந்ததும் உண்டு. சோறு கிடைத்ததும் உண்டு. இரண்டும் வரலாறே. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது, இறந்தவர்களுக்கும் காத்தவர்களுக்கும் ஒருங்கே செய்யும் அநியாயம். 1983 இல் எரித்தவர்களை எங்கள் தந்தையார் மன்னித்தாரா என்பதை நான் அறியேன். அதுபற்றி அவர் என்னிடம் ஒருபோதும் சொல்லவில்லை. படலையில் நின்றவரை மறக்கவில்லை என்பதை மட்டும் அறிவேன்.

பழைய மாணவராகிய என் வயதினர்க்கும் ஒன்று சொல்லலாம். பெற்றோர்க்கு முதுமையிற் பட்டு வேட்டியும் பொன்னாடையும் கொடுக்கிறோம்; மண்டபம் எடுத்து விருந்தும் வைக்கிறோம். அவை வேண்டியனவே. ஆயினும், அவர்கள் போய்ப் பார்க்க விரும்பும் ஓர் இடம், சொல்லாமல் விட்டு வந்த ஒரு சொல் எங்கேனும் இருக்கக்கூடும். அதைத் தாமாகக் கேட்கப் பலருக்கு நாணம். கால் நடக்கும் காலத்திலே நாம் கேட்டு அறிந்து அழைத்துச் செல்லவேண்டும். நாவற்குழியைக் கடந்து நடந்த கால்கள் எவ்வளவு தூரமும் நடக்கும்; ஆனால் எண்பதுக்குப் பிறகு அவை நமக்காகக் காத்திரா.